சவானா சதுக்கங்கள் – 3: தோற்ற போரின் தளபதி

ஜான்சன் சதுக்கத்திலிருந்து புல் ஸ்ட்ரீட் வழியாகத் தெற்கே நடந்தால் ஒவ்வொரு சதுக்கமாக வழிமறிக்கும். 1733-ல் ஊரை நிறுவிய ஓகில்தார்ப் போட்ட நகரத் திட்டம் அப்படி. நிழலுக்குக் குறைவில்லை. ஓக் மரக்கிளைகளில் சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. ஐந்தாவதாக வருவது மான்டரே சதுக்கம். அதன் நடுவில், ஐம்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் வெள்ளைப் பளிங்குத் தூண்தான் புலாஸ்கி நினைவுச்சின்னம். உச்சியில் சுதந்திர தேவி. கீழே, குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து சாயும் வீரனின் புடைப்புச் சிற்பம். வடிவமைத்தவர் ராபர்ட் லானிட்ஸ்.

காசிமிர் புலாஸ்கி அமெரிக்கர் அல்லர், போலந்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. சொந்த நாட்டில் ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிராகக் கிளர்ந்து, தோற்று, நாடு விட்டு ஓடியவர். பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின் சிபாரிசுக் கடிதம் கொடுக்க, 1777-ல் கப்பல் ஏறி வந்து, அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் சேர்ந்தார். குதிரைப் படையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்பதால் அமெரிக்கக் குதிரைப் படையின் தந்தை என்கிறார்கள்.

சவானாவில் நடந்தது என்ன? பிரிட்டிஷார் கையிலிருந்த ஊரை 1779 செப்டம்பரில் பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் முற்றுகையிட்டன. அக்டோபர் 9 காலை நேரடித் தாக்குதல். பிரெஞ்சுத் தளபதி தெஸ்தாங்கே காயப்பட்டார். சுமார் 800 பேர் மாண்டோ காயப்பட்டோ விழுந்தார்கள். புலாஸ்கியை பீரங்கியின் சிதறு குண்டு தாக்கியது. இரண்டு நாளில் உயிர் போனது. வயது 34. முற்றுகை கலைந்தது. 1782-ல் பிரிட்டிஷார் தாமாக வெளியேறும்வரை ஊர் அவர்களிடமே இருந்தது. இப்படிப் படுதோல்வியில் முடிந்த சண்டைக்குத்தான் இத்தனை பளிங்கு.

அதுவும் எளிதில் எழுந்துவிடவில்லை. 1825-ல், விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் வந்து ஜான்சன் சதுக்கத்தில் நதானியேல் கிரீனுக்கும், சிப்பவா சதுக்கத்தில் புலாஸ்கிக்கும் அடிக்கல் நாட்டினார். லாட்டரி நடத்திப் பணம் திரட்டியும் ஒரு தூணுக்குத்தான் வழி பிறந்தது. ஜான்சன் சதுக்கத்தில் நின்ற அந்த ஒரே தூண் இரண்டு தளபதிகளுக்கும் பொதுச் சொத்தாக இருபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1850-களில்தான் புலாஸ்கிக்குத் தனி இடம் கிடைத்தது. அடிக்கல் நாட்டிய சிப்பவாவில் இன்று நிற்பவர் ஓகில்தார்ப்!

இறந்தவரைக் கடலில் அடக்கம் செய்தார்கள் என்பது ஒரு கதை. அருகிலிருந்த பண்ணையில் புதைத்து, பிறகு எலும்புகளை எடுத்து இந்தத் தூணின் அடியில் வைத்தார்கள் என்பது இன்னொன்று. 1996-ல் பழுதுபார்க்கத் தூணைப் பிரித்தபோது, உள்ளே புலாஸ்கியின் பெயர் பொறித்த பெட்டியில் எலும்புகள் கிடைத்தன. ஆராய்ந்தவர்கள் திகைத்தார்கள். இடுப்பெலும்பு பெண்ணுடையது போல இருந்தது. ஆள் மாறிவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். 2005-ல் ராணுவ மரியாதையோடு மறுபடி அடக்கம் நடந்தது. 2019-ல், தாய்வழி மரபணு புலாஸ்கியின் உறவுக்காரப் பெண்ணின் எச்சத்தோடு பொருந்துவதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆணாக வளர்ந்து ஆணாகவே வாழ்ந்த தளபதி, பிறப்பால் இடைப்பாலினத்தவராக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தூணைச் சுற்றி வந்து படித்துப் பார்த்தேன். பளிங்கில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டு அறிந்த புலாஸ்கி மட்டுமே. அந்தத் தளபதியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் சுவாரசியமான அத்தியாயம் தூணுக்கு அடியில் இருக்கிறது.

எதிரே மிக்வே இஸ்ரேல் யூத ஆலயம், கோதிக் பாணியில் தேவாலயம் போலவே நிற்கிறது. மூலையில் இருக்கும் மெர்சர் வீட்டைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்; அங்கு நடந்த ஒரு கொலை புத்தகமாகி, சினிமாவும் ஆனது. புலாஸ்கியை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

அதே அக்டோபர் 9-ல், இன்றைய ஹைட்டியிலிருந்து வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்களும் பிரெஞ்சுப் படையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பிராங்க்ளின் சதுக்கத்தில் சிலை வந்தது 2007-ல்தான். சவானா போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் போதும், வண்டி தேவையில்லை.

(தொடரும்)