பெட்டி வேண்டாம் அண்ணை, எருக்கலைச் சொந்தத்தை நடுங்கோ

"தேனீயைக் காப்பாற்ற மொட்டைமாடியில ஒரு பெட்டி வைப்பமோ?" என்று கேட்டார் தெரிந்த அண்ணை ஒருவர். வேண்டாம் என்றேன்.

நாங்கள் இருக்கும் மொன்றியலில் 2013இல் 250க்கும் குறைவாக இருந்த தேனீப் பெட்டிகள் 2020இல் 3000ஐ நெருங்கிவிட்டன. கொன்கோர்டியா பல்கலைக்கழக ஆய்வின்படி, 2013இல் இங்கே காணப்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் 163. 2020இல் 120தான். பெட்டித் தேனீ பெருகிய இடங்களில் காட்டுத் தேனீ வகை குறைவு. பெட்டித் தேனீ ஐரோப்பாவிலிருந்து வந்த வளர்ப்புப் பிராணி, அதைப் பார்க்க ஆள் இருக்கு. மண்ணிலும் காய்ந்த தண்டிலும் தனிக்குடித்தனம் நடத்தும் உள்ளூர்த் தேனீக்குத்தான் ஆளில்லை.

அதனால் வேலியோரம் மில்க்வீட் நடுங்கோ. எங்கட எருக்கலைக்குச் சொந்தம். இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால். ஜூலையில் இளஞ்சிவப்புப் பூக்கொத்து மணக்கும், வண்டுத்தேனீ மொய்க்கும். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கோ: மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பு மஞ்சள் வெள்ளை வரியோடு. வேறு இலை தின்னாது. பாலின் நஞ்சு உடம்பில் ஏறுவதால் பறவைகளும் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஊரில் எருக்கலை தின்னும் வரிப்புழுவும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான்.

புழுவைக் கண்டால் இங்குள்ள இன்செக்டேரியம் (பூச்சிக் காட்சியகம்) நடத்தும் 'மிஷன் மொனார்க்'கில் பதியலாம். காய்ந்த தண்டு காட்டுத் தேனீக்கு வீடு என்பதால், இலையுதிர் காலத்தில் தோட்டத்துத் தண்டுகளை வெட்டிக் குப்பைப் பையில் கட்டிவிடாதேங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.