விட்டுப்போன ‘மாதிரி’

வானொலியில் பேசித்தான் பிழைக்கிறேன். ஊடகத்துறையில் பட்டம் வேறு. ஆங்கிலத்தைக் காதில் வாங்கி அப்படியே தமிழில் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது இறங்கியது கிள்ளானில், ஒரு மருத்துவமனை வராந்தாவில்.

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், “தேர் அப்பியர்ஸ் டு பி எ ஷேடோ” என்றார். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “அப்பா நெஞ்சுல நிழல் தெரியுதாம்மா.”

அம்மா பேசவில்லை. அப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. செய்தி சித்தியவானில் இருக்கும் மாமாவுக்கு எட்டி, அவர் அன்று மாலையே காரில் வந்து இறங்கிவிட்டார்.

மாமா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். காலணியைக் கழற்றும்போதே கேட்டார்: “டாக்டர் ‘இஸ்’னு சொன்னாரா, ‘அப்பியர்ஸ்’னு சொன்னாரா?”

“அப்பியர்ஸ்.”

“அப்புறம் ஏன் அத முழுங்கிட்ட?”

நான் முழுங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ‘தெரியுது’ என்றுதானே சொன்னேன்? சிக்கலே அந்தச் சொல்லில்தான் இருந்தது. நமக்குக் கண்ணில் படுவதும் ‘தெரிகிறது’, மனதுக்கு உறுதியானதும் ‘தெரியும்’. அம்மா உறுதியானதைத்தான் கேட்டார். ‘நிழல் மாதிரி ஏதோ தெரியுது, இன்னும் பார்க்கணுமாம்’ என்றிருந்தால் சரியாக இருந்திருக்கும். மலாயில் இது சுலபம். ‘நம்பாக்’ என்றால் கண்ணில் படுவது. அதோடு ஒரு ‘ஞா’ சேர்த்து ‘நம்பாக்ஞா’ என்றால் ஊகமாகிவிடும்.

ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன. கண்ணால் பார்த்துச் சொன்னால் ‘லுக்ஸ்’. காதால் கேட்டுச் சொன்னால் ‘சவுண்ட்ஸ்’. மனதில் பட்டதைச் சொன்னால் ‘சீம்ஸ்’. ‘அப்பியர்ஸ்’ என்பதும் ஏறக்குறைய அதுதான், ஆனால் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வரும் சொல். அதனால்தான் மருத்துவ அறிக்கைகளில் அதிகம் பார்க்கிறோம்.

இவற்றில் நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எங்கள் நிலையத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், “தி சாங் சவுண்ட்ஸ் பியூட்டிஃபுலி” என்று விளம்பரம் எழுதியிருந்தாள். அவள் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் பாட்டு ‘அழகாக’ இருக்கிறது என்கிறோம், அந்த ‘ஆக’ ஆங்கிலத்துக்குப் போனதும் ‘லி’ ஆகிவிடுகிறது. ஆனால் இந்த வினைகளுக்குப் பின்னால் ‘பியூட்டிஃபுல்’தான் வரும். பாட்டு எதையும் அழகாகச் செய்யவில்லை, பாட்டுதான் அழகு. அவள் ‘லி’யை அடித்தாள். பெயர்ச்சொல் வந்தால் ஒரு ‘லைக்’ சேர்க்க வேண்டும்: ‘சவுண்ட்ஸ் லைக் எ லல்லபை’. ‘இட் இஸ் சீமிங்’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், என் மாமா காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஸ்கேன் முடிவு வர நான்கு நாள் ஆனது. இளவயதில் வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பாம். இருமலுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள், நின்றுவிட்டது. அந்த நான்கு நாளும் அம்மா கஞ்சி தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை. நான் விட்ட ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை. இதுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானாகத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் என் காலை நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவிடமிருந்து போன் வரும். அம்மா ஆங்கிலம் படித்தவரில்லை. போன வாரம் காய்ச்சலோடு நிகழ்ச்சி செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

“என்னடா கண்ணு, குரல் என்னமோ மாதிரி இருக்கே?”