உராய்வை யார் கைது செய்வது?

எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடம். "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து. போர்மேன் கைது. தலைமறைவான உரிமையாளரை போலீசார் தேடி வருகின்றனர்." ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். 2012-ல் முதலிப்பட்டி, ஏறத்தாழ 40 பேர். 2021-ல் அச்சங்குளம், 20 பேருக்கு மேல். 2024-ல் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி, 9 பேர்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் காலையில் ஆலை வேனில் ஏறுகிறவர்கள். சித்தி பேப்பர் குழாய் உருட்டப் போகிறார். அதனாலோ என்னவோ, அந்தச் செய்தியின் கடைசி வரியோடு என்னால் நிறுத்த முடிவதில்லை. அதற்கப்புறம் போலீஸ் என்னதான் செய்கிறது?

நடைமுறை இதுதான். பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். உள்ளூர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிவார். அதே இன்ஸ்பெக்டர்தான் கோயில் திருவிழா பந்தோபஸ்துக்கும், மந்திரி வருகைக்கும், வாய்க்கால் வரப்புச் சண்டைக்கும் போக வேண்டும். பண மோசடிக்கு மாவட்டக் குற்றப்பிரிவு இருக்கிறது. ஆன்லைன் மோசடிக்கு சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கிறது. பட்டாசு ஆலைச் சாவுக்கு?

இது சாதாரண விசாரணை இல்லை மக்களே. வெடித்த இடத்தில் சுவரே இருக்காது. தீயணைப்பு வண்டி அடிக்கிற தண்ணீரில் வெடியுப்பு, பச்சை உப்பு எல்லாம் கரைந்து ஓடிவிடும். கந்தகத்தோடு குளோரேட் கலப்பது சட்டப்படி தடை. கலந்தார்களா என்று தெரிய வேண்டுமானால் மண்ணையும் சாம்பலையும் அன்றைக்கே முறையாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அதைவிடக் கஷ்டம் காகிதம். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் பேச்சு வழக்கிலேயே மூன்று வகை சொல்வார்கள். எந்த லைசென்ஸோ அந்த அலுவலகத்தில்தான் கோப்பு இருக்கும். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று அதில் இருக்கும். ஆனால் ஆலையையே அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்தால்? லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை வாங்கியவர் இன்னொருவர். உள்குத்தகைக்குப் பத்திரமா எழுதுவார்கள்? கூலி நோட்டு, மூலப்பொருள் வாங்கிய பில், வங்கிக் கணக்கு, போன் பதிவு என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து தேடினால்தான் பிடிபடும். அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், பணம் வேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் (இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்). ஆனால் அஜாக்கிரதையால் மரணம் என்று எழுதினால் அதிகபட்சமே 5 ஆண்டுதான். வெடிமருந்தை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கு 6 மாதம், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். ஆக, எப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு எழுதுகிறார்கள் என்பதே விசாரணையின் ஆழத்தைப் பாதி தீர்மானித்துவிடுகிறது!

சரி, பணம்? அமெரிக்காவில் கவுன்டி ஷெரிப் தன் விசாரணைப் பிரிவுக்கு இவ்வளவு வேண்டும் என்று உள்ளூர் கவுன்டி நிர்வாகத்திடமே கேட்பார். அங்கே வரி கட்டுகிறவர்களும் "அந்தக் கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். அந்த முறையிலும் ஆயிரம் கோளாறு உண்டு, இங்கே கொண்டு வரச் சொல்லவில்லை. நம் எஸ்.பி.க்கு வருவது சட்டசபையில் காவல்துறை மானியக் கோரிக்கை மூலம். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். விசாரணைக்கென்று எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு என்று ஒரு சாதாரண ஆள் தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை.

விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006-ல். அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு போட்டது. நல்ல விஷயம். ஆனால் குழு அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிடும். குற்றப்பத்திரிகை எழுத வேண்டியது அதே இன்ஸ்பெக்டர். அவருக்கும் நடுவில் மாறுதல் வந்துவிடும்.

ஆலையை மூடச் சொல்லவில்லை. மூடினால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது. நான் கேட்பது ஒன்றுதான். மாவட்டத்துக்கு ஒரு நிரந்தர வெடிவிபத்து விசாரணைப் பிரிவு. ரசாயனம் தெரிந்த ஒருவர், கணக்கு வழக்கு படிக்கத் தெரிந்த ஒருவர், வேறு டியூட்டிக்கு இழுக்கப்படாத நாலு போலீஸ்காரர்கள், அதற்கென்று தனி நிதி. நாம் வாங்கும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியிலும் வரி இருக்கிறது. அதில் ஒரு துளி போதும்.

இழப்பீட்டுக் காசோலை கொடுக்கும்போது போட்டோ எடுக்க எல்லோரும் வருகிறார்கள். விசாரணைக்குக் காசு கேட்டுத்தான் யாரும் வருவதில்லை. உராய்வு எப்போதும் இருக்கும், அது மருந்தின் குணம். அந்த அறையில் அத்தனை பேரை உட்கார வைத்தது யார் என்பதுதான் கேள்வி.