ஊட்டி மலையேறும் முன்... அந்த மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் சாலையின் குணமே மாறிவிடும். பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நிழலில் கொஞ்ச தூரம் போனால் கல்லாறு. அங்கே மலை தொடங்குகிறது. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். அதனால்தான் ஊட்டி சாலையில் இருக்கும் பஞ்சர் கடைகளில் விடிந்ததுமே கார்கள் வரிசை கட்டுகின்றன. மலையேறும் முன் காற்று பார்க்காமல் போகிறவர்கள் குறைவு.

போன மாதம் அந்த வரிசையில் எங்கள் பெரியப்பாவின் காரும் நின்றது. ஏழு வருடம் ஓடிய கார். சக்கரத்துக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சார்களின் பேட்டரி தீர்ந்துபோனதால், நான்கையும் கோவையில் மாற்றியிருந்தார். இந்த பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும். ஆனால், மாற்றிய பிறகும் டேஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் சிமிட்டும். பிறகு நிலையாக எரியும்.

"புதுசு போட்டாச்சு. அது அப்படித்தான் எரியும், விடு" என்றார் பெரியப்பா. பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "மலையில போறோம். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமே?"

கடைக்காரர் முதலில் காரின் விளக்கைப் பார்க்கவே இல்லை. கேஜை எடுத்து நான்கு டயர்களையும் பார்த்தார். ஸ்டெப்னியையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "நாலுலயும் 33 பாயின்ட் இருக்குதுங்க. லைட்டு மொதல்ல சிமிட்டுச்சுன்னா காத்து கம்மின்னு அர்த்தம் இல்லீங்க. சென்சார் பேசறது வண்டிக்குக் கேக்கலைன்னு அர்த்தம்."

பல கார்களில் விதி இதுதான். சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. சிமிட்டிவிட்டு எரிந்தால் கண்காணிக்கும் அமைப்பிலேயே கோளாறு. அப்போது காற்று இறங்கினாலும் கார் உங்களுக்குச் சொல்லாது.

அவர் கைகாட்டிய வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனோம். அங்கிருந்த அண்ணன் செல்போன் மாதிரி ஒரு கருவியை ஒவ்வொரு டயரின் வால்வு பக்கத்திலும் பிடித்தார். ஒவ்வொரு சென்சாரும் தன் அடையாள எண்ணையும் காற்றழுத்தத்தையும் சொன்னது. நான்குமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் காரின் நினைவில் பழைய நான்கு எண்கள்தான் இருந்தன.

"வீட்டுக்குப் புதுசா ஆள் குடி வந்துட்டாங்க. நீங்க பழைய ஆளு பேரச் சொல்லியே கூப்பிட்டா யாரு அம்மிணி வருவாங்க?" என்றார் சிரித்தபடி.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகி, புதிய எண்களைப் பதிவு செய்தார். சில கார்கள் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் திரையின் மெனுவிலேயே அந்த வசதி இருக்கும். பலவற்றுக்கு இந்தக் கருவிதான் வழி. இன்னொரு சிக்கலையும் அவர் சொன்னார். இந்தியாவில் ஓடும் கார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கேட்பவை. அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கு 315. அலைவரிசை மாறிய சென்சாரை வாங்கி மாட்டினால், எத்தனை முறை பதிவு செய்தாலும் காருக்குக் கேட்காது. சக்கரத்தில் சென்சாரே இல்லாமல், ஏபிஎஸ் மூலம் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணிக்கிற கார்களும் உண்டு. அவற்றில் காற்று நிரப்பியதும் ரீசெட் செய்தால் போதும்.

கல்லாறு வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பர்லியாறில் பழக்கடைகள், குன்னூரில் டீ, மத்தியானம் ஊட்டி.

மறுநாள் காலை நல்ல குளிர். கார் திரையில் நான்கு சக்கரமும் 29 என்று காட்டியது. கேஜ் வைத்துப் பார்த்தால் 32, 33. எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயர் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பாயின்ட் இறங்கும். மேட்டுப்பாளையம் வெயிலில் நிரப்பிய காற்று ஊட்டிக் குளிரில் மூன்று, நான்கு பாயின்ட் இறங்குவது இயல்பு. ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. கேஜ் அந்த வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அதனால் அதில் இறக்கம் தெரியாது. பல கார் சென்சார்கள் கடல்மட்ட அழுத்தத்தையே கணக்கில் வைப்பதால் இறக்கத்தை அப்படியே காட்டுகின்றன. அடிவாரத்திலேயே காற்று குறைவாக இருந்திருந்தால் விளக்கே எரிந்திருக்கும். நான்கும் ஒரே அளவில் குறைந்தால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். ஒன்று மட்டும் குறைந்தால்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது கோத்தகிரி வழி. கீழே இறங்க இறங்க வெயிலும் பிரேக் சூடும் சேர்ந்து அழுத்தம் ஏறத்தான் வேண்டும். மூன்று சக்கரங்களில் ஏறியது. இடது பின்சக்கரத்தில் மட்டும் 30, 28, 26... மஞ்சள் விளக்கு வந்தது. சிமிட்டவில்லை. பெரியப்பாவே, "ஓரமா நிறுத்து" என்றார்.

அகலமான இடம் பார்த்து அண்ணன் நிறுத்தினான். டயரில் ஒரு ஸ்க்ரூ ஆழமாக இறங்கியிருந்தது. ஓட்டும்போது எங்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. விளக்கு பழையபடி சதா எரிந்துகொண்டே இருந்திருந்தால், அடுத்த வளைவுகளை அந்த டயரோடுதான் திரும்பியிருப்போம்.

ஸ்டெப்னி மாட்ட இருபது நிமிடம் ஆனது. பல கார்களில் ஸ்டெப்னிக்கு சென்சார் கிடையாது. அதில் காற்று இல்லாவிட்டால் எந்த விளக்கும் எரியாது. கிளம்பும் முன் அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.