துக்கத்துக்கும் ஒரு தாளம் உண்டு!

சாவு வீட்டில் விடிய விடியப் பாட்டு நடக்கும் என்றால் வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்ப மாட்டார்கள். வடசென்னையில் அது வழக்கம். வாசலில் பந்தல் போட்டு, ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு உதவினார், யாரிடம் சண்டை போட்டார் என்று எல்லாமே பாட்டில் வந்துவிடும். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் மறுபடி அழுவார்கள். மறுநாள் மேளமும் ஆட்டமுமாக ஊர்வலம் கிளம்பும்.

இந்த ஊர்வலத்தை அப்படியே கடல் கடந்து கற்பனை செய்தது போல ஓர் ஆல்பம் 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர் ‘தி பிளாக் பரேட்’. புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன்தான் அதன் நாயகன். சிறு வயதில் அப்பா அவனை ஓர் அணிவகுப்புக்கு அழைத்துப் போயிருப்பார். அந்த நினைவின் உருவத்திலேயே, பேண்டு வாத்தியம் முழங்க, மரணம் அவனைக் கூப்பிட வருகிறது. பாடியது ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ என்ற ராக் இசைக்குழு.

நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் 2001 செப்டம்பர் 11-ல் சரிந்து விழுந்ததை நேரில் பார்த்தவர், ஜெரார்டு வே என்ற இளைஞர். கார்ட்டூன் துறையில் காலூன்ற முயன்றுகொண்டிருந்தவர். இனியும் இப்படியே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, நியூஜெர்ஸியில் ஒரு குழுவை ஆரம்பித்தார். தம்பி மைக்கியும் அதில் சேர்ந்துகொண்டார். முதல் ஆல்பம் 2002-ல் வந்தது.

2003-ல் சகோதரர்களின் பாட்டி எலீனா இறந்துபோனார். பேரனுக்குப் பாடவும் மேடையேறவும் தைரியம் கொடுத்தவர் அவர்தான். பாட்டியின் நினைவாக எழுதிய ‘ஹெலினா’ பாட்டு அடுத்த ஆண்டு ஆல்பத்தில் வெளியானது. அதன் வீடியோவில் சவப்பெட்டியைச் சுற்றி தேவாலயத்துக்குள்ளேயே ஆடுவார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயப்பட எதுவும் இருக்காது!

இந்த வகை இசைக்கு ‘எமோ’ என்று பெயர். எமோஷனல் என்பதன் சுருக்கம். 1980-களின் நடுவில், வாஷிங்டன் நகரில் கோபம் மட்டுமே கொப்பளித்த பங்க் இசைக்குள் சிலர் தங்கள் அழுகையையும் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து வளர்ந்தது இது. மை கெமிக்கல் ரொமான்ஸ் அந்த முத்திரையை ஒருபோதும் விரும்பியதில்லை. ஆனாலும் உலகம் அவர்களை அப்படித்தான் அழைத்தது. ஆம்பளைப் பையன் அழக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட கோடிக்கணக்கான பையன்கள், அவர்கள் பாட்டை ஹெட்போனில் போட்டுக்கொண்டு அழுதார்கள். 2013-ல் குழு கலைந்தது. 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் மேடையேறியது.

நம் பக்கம் இதற்கு நிகரான கதை கிடையாதா? உண்டு. அதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர் இயக்குநர் பா.இரஞ்சித். 2012-ல் வந்த ‘அட்டகத்தி’யில் கானா பாலாவைப் பாட வைத்தவர். 2017-ல் இசையமைப்பாளர் டென்மாவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய குழுதான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்ற தமிழர்கள் என்று பண்டிதர் அயோத்திதாசர் பேசிய கருத்திலிருந்து எடுத்த பெயர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்.

குழுவில் 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடுபவர், கிட்டார், டிரம்ஸ் வாசிப்பவர்கள். அவர்களோடு பறை, சட்டி, கட்ட மோளம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. எல்லோரும் கோட்டு சூட்டு அணிந்து வந்தார்கள். அம்பேத்கரின் கோட்டு சூட்டை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டோடு மட்டும் சேர்த்துப் பார்க்கப்பட்ட வாத்தியங்கள், மின்விளக்கு மேடையில் கிட்டாருக்குச் சமமாக நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள்.

அந்த மேடையில் நின்ற ஒரே பெண் இசைவாணி. கானா என்றாலே ஆண்கள் பாட்டு என்றிருந்த இடத்தில் துணிந்து நின்றவர். 2020-ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அதே குழுவில் ராப் பாடியவர் அறிவு. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது, அதற்குள் அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் நிலமில்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தலைமுறை அவருடையது. அமெரிக்காவிலும் ஒரு பாட்டி, இங்கேயும் ஒரு பாட்டி! ஒருவர் இறந்தபின் பாட்டானார். இன்னொருவர் உயிரோடிருக்கும்போதே பேரனின் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஊரைவிட்டு வந்தவர்களின் பாட்டு அங்கே வேறு மாதிரித்தான் காதில் விழும்.

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒருமுறை ஏறிப் பார்த்தால் போதும். சிப்காட் கம்பெனிகளுக்குப் போகும் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பார்கள். நிறைய பேர் கான்ட்ராக்ட் வேலை. இரும்பு உருக்கும் அனல், மாறி மாறி வரும் ஷிஃப்ட், தம்பியின் காலேஜ் ஃபீஸ், அக்காவின் நகைக்கடன் என்று தலைக்குள் ஆயிரம் ஓடும். யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். காதில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சில பெட்டிகளில் கல்லூரிப் பையன்கள் தகரத்தைத் தட்டிக் கானாவே பாடுவார்கள். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் செல்போனில் பாட்டு போட்டதும், “காலங்காத்தால என்னடா சாவு வீட்டுப் பாட்டு? நிறுத்துடா” என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். அவன் நிறுத்திவிடுவான். பாட்டு நின்றுவிடும். அதைக் கேட்கவைத்த பாரம் எங்கே போகும்?

2008-ல் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை, இந்த எமோ இசை பிள்ளைகளைச் சாவின் பக்கம் தள்ளுகிறது என்கிற ரீதியில் எழுதியது. மை கெமிக்கல் ரொமான்ஸ் ரசிகர்கள் அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் முன்பே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தப் பாட்டுதான் தங்களை உயிரோடு வைத்திருக்கிறது என்பதே அவர்கள் பக்கத்து வாதம். பெற்றோருக்குப் பயம் வருவது இயல்பு. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், அது நிச்சயம் கவனிக்க வேண்டிய விஷயம்; தேவைப்பட்டால் மருத்துவரிடமும் போகலாம். ஆனால், சோகப் பாட்டு கேட்கிறான் என்பதே ஒரு நோய் ஆகிவிடாது.

நம் கிராமத்து அம்மாக்கள் ஒப்பாரி வைத்தபோது செய்ததும் இதுதானே? புருஷனிடம் கேட்க முடியாத கேள்வியை, அண்ணனிடம் சொல்ல முடியாத குறையை, யாரோ ஒருவர் இறந்த வீட்டில் ராகம் போட்டு இறக்கி வைத்தார்கள். அழுது முடித்து, முகம் கழுவி, நாற்று நடப் போனார்கள். இன்றைக்குப் பையன்களுக்கு அந்தத் திண்ணை கிடையாது. அவர்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டு இயர்போன்தான்.

அதனால், அடுத்த முறை பிள்ளையின் அறையிலிருந்து புரியாத ஒரு பாட்டு கேட்டால், ‘நிறுத்து’ என்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். “இதுல என்னப்பா சொல்றாங்க?” அவன் பாட்டின் அர்த்தத்தைச் சொல்ல ஆரம்பிப்பான். பேச்சுவாக்கில் தன்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவான். காது கொடுத்துக் கேட்டால் போதும்.