அரிசி வாளிக்குள் ஒளித்த புத்தகம்

2016 ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. நுண்கடன் காசு சேர்க்கிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். எங்கள் வீடு கல்லடியில், வாவிக்கரையோரம். கணவருக்கு வலை வாங்க எடுத்த கடனில் மூன்று தவணை நிலுவை. கடன் புத்தகம் அரிசி வாளிக்குள் ஒளிந்திருந்தது.

அன்றிரவு கனடாவிலிருந்து தங்கை பேசினாள்.

"அக்கா, அரசாங்க வேலை ஒண்டு சரிவந்திருக்கு. ஆனா பாதுகாப்புச் சோதனை இருக்கு. என்ட கடன் கணக்கையும் பாப்பாங்களாம்."

அவளுடைய கணவர் நோயில் விழுந்த வருடம் கடன் அட்டையில் எடுத்த காசு கட்டப்படவில்லை. வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே லாச்சிக்குள் போட்டிருந்தாளாம்.

"வேலைக்கும் கடனுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?" என்று கேட்டேன்.

கனடாவின் மத்திய அரசு வேலைக்கு நம்பகத்தன்மைச் சோதனை உண்டு. 2014 இல் வந்த விதிமுறை கடன் வரலாற்றையும் அதில் சேர்த்தது. கடன் நெருக்கடியில் இருப்பவர் காசுக்காக இரகசியத்தை விற்றுவிடுவாரோ என்பது அரசாங்கங்களின் அச்சம். அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ் 1985 இல் பணமுடையில் சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியங்களை விற்கத் தொடங்கி, 1994 இல் கைதானார்.

ஆனாலும் கடன் இருந்தால் உடனே கதவு அடைபடுவதில்லை. கடன் ஏன் வந்தது, வந்தபின் என்ன செய்தார் என்றும் பார்க்கிறார்கள். நோய், வேலையிழப்பு, குடும்பத்தில் மரணம் போன்ற கைமீறிய காரணங்களால் கடன் வந்து, அதன்பின் பொறுப்போடு நடந்திருந்தால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 2017 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வழிகாட்டலும் கூறுகிறது.

தங்கை அன்றே கடிதங்களைப் பிரித்தாள். வங்கியோடு பேசி மாதத் தவணை ஒழுங்கு செய்தாள். சோதனை அதிகாரியிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இரண்டு மாதத்தின் பின் வேலை கிடைத்தது.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. என் கடனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பிணை. நான் கதவைச் சாத்தினால் தட்டப்படுவது அவர்களுடைய கதவு. அடுத்த செவ்வாய் முற்றத்தில் காத்திருந்தேன். அந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே என் நிலைமையைச் சொன்னேன். ஏச்சும் கேட்டேன். ஆனால் தவணையைச் சிறிதாக்கிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தேன்.

நம் நாட்டிலும் நம் கடன் விபரம் பதிவாகிறது. 1990 இல் சட்டமூலம் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் 'கிரிப்' என்கிறோம். வங்கிகள் கடன் கொடுக்குமுன் அதன் அறிக்கையைப் பார்க்கின்றன. நம்முடைய அறிக்கையை நாமும் கேட்டுப் பெறலாம்.

சகோதரிகளே, உங்கள் அரிசி வாளிக்குள்ளும் ஒரு புத்தகம் கிடந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பிணை நின்றவளிடம் முதலில் காட்டுங்கள்.