கீழப்பாவூர்ச் சாலையில் ஒரு பட்டறை

திருநெல்வேலியிலிருந்து தென்காசி நோக்கிச் செல்வோர் ஆலங்குளத்தைக் கடந்ததும் ஒரு மாறுதலை உணர்வர். மேற்கே மலைத்தொடர் நீலமாய் எழுகின்றது. ஆனி, ஆடி மாதங்களாயின் செங்கோட்டைக் கணவாயினூடே புகுந்து வரும் காற்று முகத்தில் அறைகின்றது. பாவூர்சத்திரத்தில் சுரண்டைச் சாலையில் திரும்பினால் சில நிமிடங்களில் கீழப்பாவூர். குளமும் வயலும் சூழ்ந்த பழைமையான ஊர். பதினாறு கரங்களையுடைய நரசிம்மர் கோவிலால் வெளியூரார் பலரும் இதனை அறிவர். பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவதும், காய்கறி மூட்டைகள் பாவூர்சத்திரம் சந்தைக்குப் புறப்படுவதும் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சிகள். அம்மூட்டைகளில் பல இன்று இருசக்கர வண்டிகளின் மீதே செல்கின்றன. சிறிய வண்டியொன்றில் மூன்று மூட்டைகளும் ஓர் ஆளும் ஏறிச் செல்வதைக் கண்டு நாம் வியந்தோம், ஊரார் வியக்கவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இச்சாலைகளில் வேறொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அருவியில் குளிக்க மோட்டார் சைக்கிள்களில் விரையும் இளைஞர் கூட்டம் அது. அவர்களுள் சிலரது வண்டி வழியில் நின்றுவிடும். அப்படி நின்ற வண்டிகள் வந்து சேரும் பட்டறையொன்றில், சாரல் காலத்தில் நாம் இரு பகற்பொழுதுகளைச் செலவிட்டோம். பட்டறைப் பெரியவர் புல்லட்டும் ராஜ்தூத்தும் எஸ்டியும் ஓடிய காலத்தில் தொழில் பழகியவர். கருவியைக் கையிலெடுக்குமுன் வாயைத் திறப்பவர் என்பதே அவரிடம் நாம் கண்ட சிறப்பு.

பாளையங்கோட்டை இளைஞர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறதாம். சற்று நேரம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புகிறதாம். வழியில் இரண்டிடங்களில் காட்டி, பிளக்கை மாற்றி, கார்புரேட்டரையும் கழுவியாயிற்று.

“பட்டென்று அணைஞ்சு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா தம்பி?” என்று பெரியவர் கேட்டார்.

“இழுத்து இழுத்துத்தான் அண்ணாச்சி.”

பெரியவர் வேறொன்றும் கேளாமல் டேங்க் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்த ஓசை நமக்கும் கேட்டது. பெட்ரோல் இறங்க இறங்க அவ்விடத்தை நிரப்பக் காற்று வேண்டும். அதற்கென மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அத்துளையைச் சேறு அடைத்துக்கொண்டால் டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் கீழே இறங்காது. நிறுத்தி வைத்த நேரத்தில் சிறிது சிறிதாகக் காற்று புகுந்து, வண்டி மீண்டும் ஓடும். மெல்லிய கம்பியொன்றும் ஒரு வாய்க் காற்றும் அந்நோயைத் தீர்த்தன.

அவர் கேட்ட கேள்வியைக் குடும்பத் தலைவர்களும் பிள்ளைகளும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். திடீரென அணைந்தால் பெரும்பாலும் மின்சாரக் குறை. தயங்கித் தயங்கி நின்றால் பெட்ரோல் வராத குறை. எஞ்சினுக்கு வேண்டியவை எண்ணெய், தீப்பொறி, காற்று ஆகிய மூன்றும், அவற்றை அழுத்தும் வலிமையுமே. முதலில் சாவியருகிலும் கைப்பிடியிலும் உள்ள சுவிட்சுகள், பெட்ரோல் அளவு, பழைய வண்டியாயின் ரிசர்வ் குழாய், புதியதாயின் பக்கவாட்டு ஸ்டாண்டு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டாண்டு மடக்காமல் கியர் போட்டால் அணைந்துவிடும் வண்டிகள் இப்போது பல. அதையறியாமல் தள்ளிக்கொண்டே வந்தவர்களும் அப்பட்டறைக்கு உண்டு.

அடுத்துப் பிளக். அதன் முனை வெளிர்பழுப்பாயிருந்தால் எஞ்சின் நலமே. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் எண்ணெய் போதாமல் சூடேறுகின்றது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. பிளக்கை எஞ்சின் மீது சாய்த்து உதைத்துப் பொறி பார்க்கும் வழக்கம் பழைய வண்டிகளோடு நிற்கட்டும். அங்கும் பெட்ரோல் சிந்திய இடத்தில் அதனைச் செய்தல் தீயை வலிய அழைப்பதாகும்.

சாரல் காலத்துக்கென்றே சில நோய்கள் உண்டு. பிளக் மூடியில் விரிசலிருந்தால் ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்துவிடும். இருட்டில் பார்த்தால் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். துணியால் துடைத்து வீடு சேர்ந்து, மறுநாள் மூடியை மாற்றிவிடலாம். டேங்கில் மழைநீர் இறங்குவது மற்றொன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தாலோ இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆதலின் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதனை அற்பமென ஒதுக்கலாகாது.

2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபின் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. இப்போதைய வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் டேங்கினுள் பம்பு இரண்டு மூன்று விநாடி முனகும். முனகல் கேளாவிடில் பியூஸையும் பேட்டரியையும் முதலில் நோக்குக. பேட்டரி முற்றும் செத்துவிட்டால் இவ்வண்டிகளுள் பல, தள்ளினாலும் கிளம்பா. மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் அதனைப் படிக்கும் கருவியுள்ளவரிடம் செல்வதே முறை. பெரியவரும் அத்தகைய வண்டிகளைத் தென்காசிக்கு அனுப்பிவிடுகிறார், தெரியாததைத் திறப்பதில்லை.

இவையெல்லாம் வண்டியை நிற்கவைக்கும் கோளாறுகள். இவற்றால் பொழுது கெடும்; உயிர் கெடுவது அரிது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாத கோளாறுகளைக் காட்ட எவரும் தாமாக வருவதில்லை என்பதே பெரியவரின் ஆதங்கம். ஆகவே எந்த வண்டி வந்தாலும், கேளாமலே பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார், சக்கரத்தைச் சுழற்றுகிறார், செயினை விரலால் தூக்கிப் பார்க்கிறார். பல வண்டிகளுக்குச் செயினின் நடுவே இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் தளர்வு போதும். மிகுந்தால் கழன்று சக்கரத்தில் சிக்கும். குறைந்தால் பேரிங்கைத் தின்னும். நாம் முன்னர்க் கூறிய இளைஞரின் பின் டயரில், தேய்மானத்தைக் காட்டப் பள்ளத்தினுள் வைக்கும் சிறு மேடு, டயரோடு சமமாகிவிட்டிருந்தது. திரும்பும்போது மாற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். பெரியவர் சாவியைக் கொடுக்கவில்லை.

“அருவி எங்கேயும் போயிராது. தென்காசியிலே டயரை மாத்திட்டுத்தான் மலைக்குப் போகணும், சரின்னா சாவி” என்றார். இளைஞர் சற்றுச் சினந்து, பின் இசைந்தார்.

நீரில் நனைந்த டிரம் பிரேக் முதல் சில விநாடிகளில் பிடிப்பதேயில்லை. ஓடையைக் கடந்ததும் மெதுவாகச் செல்லும்போதே இலேசாக மிதித்து, உராய்வின் வெப்பத்தால் அதனை உலர்த்திக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக்காயின் பேட் தேய்மானத்தையும் எண்ணெய் மட்டத்தையும் பார்த்தல் நலம். 2019 ஏப்ரலுக்குப்பின் விற்கப்பட்ட, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உண்டு, தேய்ந்த டயருக்கு அதுவும் கைகொடுக்காது.

குற்றாலத்தோடு நில்லாமல் ஆரியங்காவுப் பாலருவி வரை செல்வோர், திரும்புகையில் புளியரையின் எஸ் வளைவில் இறங்கியாக வேண்டும். சரக்கு லாரிகள் ஓயாத பாதை அது. அங்கே பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு உருள்வோரை நாம் கண்டோம். இடைவிடாமல் மிதிபடும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு அவ்வுதவி மிகக் குறைவு. அவற்றில் மனைவி மக்களோடு இறங்குவோர் விரைவைத் தொடக்கத்திலேயே அடக்கி, இடையிடையே அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி, பிரேக் ஆறியபின் தொடர்வார்களாக.